கிடக்கிற புஞ்சையின் வாரிசுகளுக்கு

சென்னையிலும் திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும், கடல் கடந்து சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் ஜீவனம் செய்துகொண்டு, பொங்கலுக்கோ சிவராத்திரிக்குக் குலதெய்வம் கும்பிடவோ மட்டும் பரளச்சிக்கும் அதைச் சூழ்ந்த கரிசல் கிராமங்களுக்கும் வந்துபோகிற அன்பர்களுக்கும், அவர்களோடு பிறந்து வெவ்வேறு ஊர்களில் வாழ்க்கைப்பட்டிருக்கும் சகோதரிகளுக்கும், ஒரு பழைய வக்கீல் குமாஸ்தாவின் வணக்கம்.

சென்ற ஐப்பசியில், இரண்டு மழை பெய்து கரிசல் காலில் ஒட்டத் தொடங்கியிருந்த ஒரு காலைப்பொழுதில், திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு வாலிபர் என் திண்ணைக்கு வந்து, தம் கைப்பேசியில் படம் பிடித்து வைத்திருந்த வக்கீல் நோட்டீஸ் ஒன்றைக் காட்டி, அதன் நடுவில் சாய்வெழுத்தில் அச்சாகியிருந்த ஒரு வரியை விரலால் தொட்டு, “ஐயா, இது வைகிறதா, வாழ்த்துகிறதா?” என்று கேட்டார். அந்த வரி லத்தீன். நம் வக்கீல்கள் உச்சரிக்கிறபடி எழுதினால், ‘நீமோ டாட் க்வாட் நான் ஹாபெட்’. தன்னிடம் இல்லாத ஒன்றை ஒருவன் பிறனுக்குக் கொடுத்துவிட இயலாது என்பதே அதன் பொருள். இதைச் சொன்னதும் வாலிபர் சிறிது நேரம் மௌனமாக இருந்துவிட்டு, “இதைத்தானே எங்கள் அப்பத்தாவும் சொல்லும்?” என்றார்.

விஷயம் இதுதான். அவருடைய பாட்டனார் பருத்தி விற்ற பணத்தில் சுயார்ஜிதமாகக் கிரையம் வாங்கிய ஆறு ஏக்கர் புஞ்சை, அவர் காலமாகி இருபது வருஷங்களுக்கு மேலாகியும், அவர் பெயரிலேயே பட்டாவாக நின்றுகொண்டிருக்கிறது. பாட்டனாருக்கு மக்கள் ஐவர்: ஆண் மூவர், பெண் இருவர். அவர்களுள் இந்த வாலிபரின் தகப்பனார் பாட்டனாருக்கு முன்னாலேயே இறந்துபோனார், அப்பத்தாவும் முந்திக்கொண்டாள். ஊரில் இருப்பவர் சித்தப்பா ஒருவரே. அவர், தாம் ஒருவரே வாரிசு என்பதுபோல, ஆறு ஏக்கரையும் ஒரு தரகரின் ஆளுக்குக் கிரையம் எழுதிக்கொடுத்துவிட்டார். சாத்தூரில் வாழும் மூத்த அத்தை அதையறிந்து எல்லோருக்கும் நோட்டீஸ் விட்டிருக்கிறாள். நம் வட்டாரத்தில் இக்கதை புதிதன்று என்பதும், இதே வரியை உங்களில் இன்னும் பலர் படிக்க நேரிடும் என்பதுமே என்னை இம்மடல் எழுதத் தூண்டின.

அந்நியச் சொல்லைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. நம் பத்திரங்களில் எந்தச் சொல்தான் இந்த மண்ணிலேயே முளைத்தது? ‘ஒத்தி’ தமிழ்; ‘கிரையம்’ சமஸ்கிருதம்; ‘வாரிசு’, ‘ரத்து’, ‘ஜப்தி’ ஆகியவை அரபியிலிருந்து வந்தவை; ‘உயில்’ ஆங்கிலேயன் விட்டுச்சென்றது. இத்தனை பேர் குடியிருக்கும் வீட்டில் லத்தீன் கடைசியாக வந்து மாடியறையில் தங்கிய வாடகைக்காரர், அவ்வளவுதான். முற்காலத்துச் சாசனங்களில், நிதி, நிக்ஷேபம், ஜலம், பாஷாணம், அக்ஷீணி, ஆகாமி, சித்தம், சாத்தியம் என்ற அஷ்டபோகங்களுடனும் நிலத்தைக் கொடுத்ததாக எழுதுவார்கள். புதைந்த பொருளும், நீரும், கல்லும், இனி விளையப்போவதும் அதில் அடக்கம். லத்தீனிலோ, நிலத்துக்கு உடையவன் மேலே ஆகாயம் வரைக்கும் கீழே பாதாளம் வரைக்கும் உடையவன் என்றொரு வாசகம் உண்டு. கம்பும் குதிரைவாலியும் மல்லியும் விளைந்த நம் கரிசலில் நிதியும் நிக்ஷேபமும் கிடைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. ஜலம் கூட ஆடி மாதத்தில் சந்தேகந்தான். ஆனால் ‘ஆகாமி’ இன்று சீமைக்கருவேலமாய் ஓங்கி வளர்ந்து நிற்கிறது. அதை வெட்டிக் கரிமூட்டம் போடுகிற காண்டிராக்டர் பணத்தை எந்தப் பங்காளியிடம் கொடுக்கிறார் என்பதை அருள்கூர்ந்து விசாரித்துப் பாருங்கள்.

வாலிபரின் விவகாரத்துக்கு வருகிறேன். பாட்டனார் உயில் எழுதாமல் 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குப் பிறகு இறந்தவர், சொத்தோ சுயார்ஜிதம். எனவே ஐந்து மக்களுக்கும் ஐந்து பாகம். முன்னமே இறந்த மகனுடைய பாகத்தை அவனுடைய மனைவியும் மூன்று பிள்ளைகளும் தமக்குள் பகிர்ந்துகொள்ள வேண்டும். இதைத்தான் வக்கீல்கள் ‘பெர் ஸ்டிர்பீஸ்’ என்கிறார்கள். லத்தீனில் ‘ஸ்டிர்ப்ஸ்’ என்றால் வேர்த்தூர், அடிமரம். தலையை எண்ணாமல் கிளையை எண்ணுவது அது. தலையை எண்ணினால் ‘பெர் கேபிட்டா’. ஆறு ஏக்கர் என்றால் அறுநூறு சென்ட். தலை எண்ணினால் எஞ்சிய நான்கு மக்களும் இந்த வீட்டு நால்வருமாக எட்டுப் பேர், தலைக்கு எழுபத்தைந்து சென்ட். கிளை எண்ணுவதால் கிளைக்கு நூற்றிருபது சென்ட். வாலிபருக்கு அதில் நாலில் ஒன்று, முப்பது சென்ட். சித்தப்பாவுக்கும் நூற்றிருபது சென்ட்டே. ஆக, அறுநூறு சென்ட்டுக்கு அவர் எழுதிய கிரையத்தில் வாங்கியவனுக்குச் சேர்ந்தது நூற்றிருபதுதான். அதுவும் வடமேற்கு மூலையா தென்கிழக்கு மூலையா என்று எவனும் சுட்டிக்காட்ட முடியாத, பிரிபடாத நூற்றிருபது.

“ரிஜிஸ்தர் ஆகிவிட்டதே, ஐயா?” என்பார்கள். ரிஜிஸ்தர் செய்வது எழுதிக்கொடுத்த செய்கைக்குச் சாக்ஷியமேயன்றி உரிமைக்கு உறுதியன்று. 2025 ஏப்ரலில், நம் ராஜ்யத்துப் பதிவு விதிகளில் 55-ஏ என்ற விதியின் முதல் உட்பிரிவைப் பதிவுச் சட்டத்துக்கு முரணென்று உச்சநீதிமன்றம் தள்ளியபோது, விற்பவனுக்கு உரிமை உண்டா இல்லையா என்று தீர்மானிப்பது சார்பதிவாளரின் அதிகாரமன்று என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. பட்டாவும் வரிவசூலுக்கான ரிக்கார்டேயொழிய ஸ்வத்துக்கு மூலமன்று. முப்பது வருஷம் கட்சிக்காரர்களுக்கு இதைச் சொல்லி என் தொண்டை வறண்டதே மிச்சம். பட்டாவின் மேல் நம்மவர்களுக்கு இருக்கிற பக்தி அத்தகையது.

இனிச் சகோதரிகளைப் பற்றி. இங்கேதான் நம் வீடுகளில் அதர்மம் மிகச் சாந்தமாக, பந்தி பரிமாறுகிற கையாலேயே நடக்கிறது. சீர்வரிசை செய்தாயிற்று, நகை போட்டாயிற்று என்று சொல்லி, தகப்பன் உயிரோடிருக்கும்போதே மகளிடம் விடுதலைப் பத்திரம் வாங்கிக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் உண்டு. இதற்கு எதிரே நிற்பது மற்றொரு லத்தீன் வாக்கியம்: ‘நீமோ எஸ்ட் ஹேரஸ் விவென்டிஸ்’. உயிரோடிருப்பவனுக்கு வாரிசு என்று ஒருவரும் இல்லை என்பது பொருள். தகப்பனின் சுயார்ஜிதத்தில் மகளுக்கு அவன் உள்ளவரை இருப்பது நப்பாசையேயன்றி உரிமையன்று. ஆசையை விற்கவோ விடவோ இயலாது என்று 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றச் சட்டம் தன் 6-ஆம் பிரிவில் முதலாவதாகவே சொல்கிறது. ஆயினும் ஓர் எச்சரிக்கை: பணத்தைப் பெற்றுக்கொண்டு அவ்வாறு எழுதிக்கொடுத்தவரும் அவர் வழிவந்தோரும் பின்னொரு நாள் திரும்பி வந்து பங்கு கேட்பதற்கு அந்த நடத்தையே தடையாகிவிடலாம் என்று, தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்கொன்றில் 2023-இல் உச்சநீதிமன்றம் தீர்த்திருக்கிறது. ஆகவே கைநாட்டு வைக்குமுன் யோசியுங்கள்.

இந்த லத்தீன் வாக்கியம் நம் தேசத்துச் சாஸ்திரத்தோடு முழுதும் பொருந்துவதன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். விஞ்ஞானேசுவரரின் மிதாக்ஷரம், பிதிரார்ஜிதத்தில் புத்திரனுக்குப் பிறந்த மாத்திரத்தில் ஸ்வத்து உண்டென்கிறது. தொட்டிலில் கிடக்கும் பிள்ளை, திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தகப்பனோடு சமமான சொந்தக்காரன். ரோமாபுரியின் சட்டம் ‘செத்த பின் பார்’ என்றது. நம்முடையது ‘பிறந்தபோதே பார்’ என்றது. குறை என்னவென்றால், அந்தப் பாக்கியத்தை மிதாக்ஷரம் புத்திரனுக்கு மட்டும் வைத்தது. தொட்டிலில் கிடந்தது பெண்ணானால் சாஸ்திரம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அந்தக் குறையை, 1989 மார்ச் 25 முதல் அமலுக்கு வந்த தமிழ்நாட்டுத் திருத்தம், அன்றைக்குக் கல்யாணமாகாதிருந்த பெண்களுக்கு மட்டும் நீக்கிற்று. 2005-ஆம் வருஷத்து மத்திய திருத்தம் கல்யாணமானவர்களுக்கும் நீக்கிற்று. தகப்பன் 2005-இல் உயிரோடிருக்கவேண்டிய அவசியமில்லை என்று 2020 ஆகஸ்ட் 11-ஆம் தேதி வினீதா சர்மா வழக்கில் உச்சநீதிமன்றம் சொல்லி முடித்தது.

ஆனால் பெண்மக்கள் கோர்ட்டேறிச் சொத்தைப் பெறுவது ஏதோ நேற்றுத் தோன்றிய நாகரிகம் என்று நம் பெரியவர்கள் பேசும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. நமக்குப் பக்கத்துச் சீமையான சிவகங்கையை எண்ணிப் பாருங்கள். ஜமீன்தார் கௌரி வல்லபத் தேவர் 1829-இல் ஆண்மகவின்றிக் காலமானபின், அவருடைய சகோதரர் வழியினர் ஜமீனை அடைந்தார்கள். தேவரின் மகள் காத்தம நாச்சியார் விடவில்லை. ஜமீன் தம் தகப்பனாரின் தனிச்சொத்தென்றும், சகோதரரோடு குடும்பம் பிரியாதிருந்தாலும் தனிச்சொத்து சந்ததிக்கே இறங்கவேண்டுமென்றும் வாதிட்டு, கீழ்க்கோர்ட்டு மேல்கோர்ட்டெல்லாம் தாண்டி லண்டனிலிருந்த பிரிவி கவுன்சில் வரைக்கும் சென்று, 1863-இல் ஜெயித்தார். தகப்பனார் மாண்ட வருஷத்திலிருந்து கணக்கிட்டால் முப்பத்துநாலு வருஷம். லண்டனுக்குத் தந்தி கூடப் போகாத காலத்தில் ஒரு மறவர் குலத்து நாச்சியார் செய்த காரியம் அது. சாத்தூர் அத்தை ஒரு நோட்டீஸ் விட்டதற்கு ஊரே வாய்மேல் கைவைக்கிறது!

காத்தம நாச்சியார் ஜெயித்து ஐந்து வருஷங்களுக்குப் பிறகு, 1868-இல், நம் சொந்தச் சீமையான இராமநாதபுரத்தின் வழக்கு அதே பிரிவி கவுன்சிலில் முடிந்தது. ஜமீன்தாராகிய சேதுபதி ஆண்மகவின்றி இறந்தபின், ராணி பர்வதவர்த்தனி நாச்சியார் 1847-இல் முத்துராமலிங்க சேதுபதியைச் சுவீகாரம் செய்துகொண்டார். கணவன் அனுமதி கொடுக்காமல் இறந்ததால் அந்தச் சுவீகாரம் செல்லாது என்று மதுரைக் கலெக்டர் வழக்காடினார். செல்லாது போனால் என்ன ஆகும்? வாரிசில்லாச் சொத்து, லத்தீனில் ‘போனா வேகன்ஷியா’, ஆளற்ற உடைமை, அது சர்க்காரைச் சேரும். சர்க்கார் தனக்கு லாபமான தர்மசாஸ்திரத்தை எவ்வளவு சிரத்தையோடு படித்திருந்தது, பாருங்கள்! பிரிவி கவுன்சிலாரோ, திராவிட தேசத்தில் கணவனின் சபிண்டர்கள் சம்மதித்தால் விதவை சுவீகாரம் செய்யலாம் என்று தீர்த்ததோடு, தெளிவாக நிரூபிக்கப்பட்ட வழக்காறு எழுதிவைத்த சாஸ்திர வசனத்தைக் காட்டிலும் வலிமையுடையது என்ற கொள்கையையும் நிலைநாட்டினார்கள். இந்தியா முழுவதிலும் இந்துச் சட்டம் படிக்கிற மாணாக்கர்கள் இன்றும் மனனம் செய்வது நம் வறண்ட சீமையில் பிறந்த அந்தக் கொள்கையைத்தான். விவேகாநந்தரைச் சிகாகோவுக்குப் போகும்படி ஊக்கிய பாஸ்கர சேதுபதி, அந்தச் சுவீகாரப் புத்திரரின் மகன்.

லத்தீன் வாசகங்களுள் எனக்கு மிகவும் பிரியமானது, நிலத்தைப் பற்றியதன்று. ‘டொனேஷியோ மார்ட்டிஸ் காஸா’. மரணத்தை எதிர்நோக்கிக் கொடுக்கும் தானம் என்பது பொருள். நோயில் கிடப்பவர், தாம் பிழைக்கமாட்டோம் என்ற எண்ணத்தில், கையிலுள்ள அசையும் பொருளை ஒருவரிடம் கொடுப்பது. பிழைத்துவிட்டால் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். சொத்து மாற்றச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு இத்தகைய தானத்தைத் தன் தான விதிகளின் கட்டிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. வாலிபரின் அப்பத்தா, கடைசிப் படுக்கையில், தோள்வரை தொங்கிய காதிலிருந்து தண்டட்டியைக் கழற்றி இளைய அத்தையின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாளாம். அந்தத் தண்டட்டிக்கு இன்று சித்தப்பா பங்கு கேட்கிறார். சாக்ஷியம் இருந்தால் அது அத்தைக்கே உரியது. பத்திரமும் வேண்டாம், முத்திரைத்தாளும் வேண்டாம். ஆனால் புஞ்சையை அப்படி விரல் மடக்கிக் கொடுக்க முடியாது. படுக்கையில் கிடந்தவர் ‘வடகாட்டுப் புஞ்சை சின்னவனுக்கு’ என்று வாயால் சொன்னதை நம்பி வாழ்கிற குடும்பங்கள் நம் ஊரிலேயே பல. எழுதிப் பதிவு செய்த தானமாக அல்லது இரண்டு சாக்ஷிகள் ஒப்பமிட்ட உயிலாக இல்லாத வரையில், அந்த வாய்ச்சொல் காற்றோடு போயிற்று.

“நான் ஊரை விட்டுப் போய் இருபது வருஷமாயிற்று; எனக்கென்ன உரிமை இருக்கப்போகிறது?” என்று உங்களில் சிலர் நினைக்கிறீர்கள். சட்டத்தில் ‘சிவிலிட்டர் மார்ட்டூஸ்’ என்றொரு நிலை உண்டு. மூச்சு இருந்தும் லௌகிகத்துக்கு மாண்டவன். முறைப்படி சந்நியாசம் வாங்கினவனை இந்துச் சட்டம் அவ்வாறு கருதும். அவன் போன அன்றே சொத்து வாரிசுகளுக்கு இறங்கிவிடும். நம் திருச்சுழியில் வக்கீல் தொழில் செய்த சுந்தரமையரின் மகன், 1896-இல் மதுரை வீட்டை விட்டுத் திருவண்ணாமலைக்குப் போனவர், பிற்காலத்தில் ரமண மகரிஷி என்று உலகம் வணங்கியவர், சந்நியாச தீக்ஷை பெற்றவரல்லர். ஆசிரமச் சொத்தைப் பற்றி வியாஜ்யம் கிளம்பியதன்பின், ஒன்றும் தமதென்று கருதாத அவரே 1938-இல் உயில் எழுதிவைக்க நேர்ந்தது. அவரையே விடாத சொத்து, திருப்பூர் போனவரை விடுமா? பஸ் ஏறுவது சந்நியாசமன்று. பங்காளிகளில் ஒருவர் அனுபவிப்பது எல்லோருக்காகவும் அனுபவிப்பதாகவே சட்டம் கொள்ளும். மற்றவர்களின் உரிமையை அவர் வெளிப்படையாக மறுத்து, அவர்கள் அறிய, பன்னிரண்டு வருஷம் தனக்கென்றே ஆண்டாலொழிய உங்கள் பாகம் அழியாது. ஆனால் இனிமேல் அது நேராது என்றும் நான் சொல்லமாட்டேன்.

ஏனெனில், கமுதிப் பக்கம் 2016-இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் எழுந்ததிலிருந்து, எவரும் ஏறெடுத்துப் பாராத கரிசலுக்கு விலை வந்துவிட்டது. வெய்யிலும் ஆகாமி ஆகிவிட்டது. தரகர்கள் கார்களில் வருகிறார்கள். ஊரில் இருக்கிற ஒரு பங்காளியிடம் முன்பணம் கொடுக்கிறார்கள். பிறகு நீங்கள் பாகவழக்குப் போட்டால், வழக்கு நடக்கும்போது வாங்கினவன் தீர்ப்புக்குக் கட்டுப்படுவான் என்ற, சொத்து மாற்றச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு உங்களைக் காக்கும். வக்கீல்கள் அதை ‘லிஸ் பெண்டென்ஸ்’ என்பார்கள். மெய்தான், அந்த வழக்கு முடிகிறபோது நீங்கள் கிழவராகியிருப்பீர்கள் என்பதும் மெய்தான்.

ரோமானியச் சட்டத்தில் ‘ஹெரெடிடாஸ் ஜேசன்ஸ்’ என்றொரு தொடர் உண்டு. உடையவன் இறந்தான், வாரிசு இன்னும் வந்து ஏற்கவில்லை, அந்த இடைக்காலத்தில் சொத்து சும்மா ‘கிடக்கிறது’. நம் சட்டத்தில் அந்த இடைக்காலமே இல்லை. கடைசி மூச்சு அடங்கிய அந்தக் கணத்திலேயே உரிமை வாரிசுகளிடம் வந்துவிடுகிறது, அவர்கள் திருப்பூரில் ஷிப்டில் நின்றுகொண்டிருந்தாலும் சரி. எனினும், “உங்கள் புஞ்சை என்ன ஆயிற்று?” என்று கேட்டால், நீங்கள் எல்லோரும் ஒரே வாயாக, “கிடக்குது” என்கிறீர்கள். லத்தீன் படிக்காமலே லத்தீன் பேசுகிறீர்கள். நான் இத்தனை வரியும் எழுதியது அந்த ஒரு சொல்லின்மீதுள்ள கோபத்தால்தான்.

ஆகையால், வருகிற பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது இரண்டு நாள் கூடுதலாக லீவு எழுதுங்கள். பாட்டனாரின் இறப்புச் சான்றும், வாரிசுச் சான்றும், மூலப்பத்திரமும், இன்றுவரைக்கும் வில்லங்கச் சான்றும் எடுத்து வையுங்கள். அத்தைமாருக்கு வெறும் பொங்கல் படி அனுப்பாமல், அவர்களையே அழைத்து வந்து திண்ணையில் சரிசமமாக உட்காரவையுங்கள். குடும்பத்துக்குள் எழுதும் பாகப்பிரிவினைக்கு முத்திரைத் தீர்வையில் சலுகை உண்டு. சண்டை வருமுன் எழுதினால் வக்கீலும் வேண்டியதில்லை, நல்ல பத்திர எழுத்தர் ஒருவர் போதும். விற்பதானால் பிரித்தபின் அவரவர் பாகத்தை அவரவர் விற்றுக்கொள்ளுங்கள். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. பத்திரத்துக்கு நான்குமால் சொல்ல வேண்டுமே, யாரைக் கேட்பது என்று திகைக்காதீர்கள்: கருவேலங்காட்டுக்குள் எந்தக் கல் எவருடைய எல்லைக்கல் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய பெரியவர்கள் நம் ஊரில் இன்னும் இருவர் இருக்கிறார்கள். அவர்களுள் இளையவனாகிய எனக்கு வருகிற சித்திரையில் எண்பத்துமூன்று பிறக்கிறது.